மூன்றாவது பெஞ்சு

புதன்கிழமை மாலை நான்கரைக்குச் சபைச் செயலர் வந்தார். கையில் பிளாஸ்டிக் கோப்பு. கோப்புக்குள் சபையின் வரலாறு. அதற்கு அடியில் வேறு ஒரு தாள். அந்தத் தாளுக்காகத்தான் வந்திருக்கிறார் என்பது அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

பாஸ்டரம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். ஆறு வாரத்துக்கு முன்புவரை அவள் பாஸ்டரம்மா. இப்போது அவள் யார் என்று யாருக்கும் விளங்கவில்லை. கணவர் ஓய்வுபெற்றார். சபை கொடுத்திருந்த வீட்டைக் காலி செய்து, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், இரண்டாவது மாடியில் வாடகைக்கு வந்திருந்தார்கள். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் "பாஸ்டரம்மா" என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். வேறு பெயர் யாருக்கும் வாயில் வரவில்லை.

"வரலாறு முடிஞ்சிருச்சும்மா," என்றார் செயலர். "ஐம்பதாவது ஆண்டு விழாவுக்குள்ள அச்சுல வந்துரணும். ஐயாவும் நீங்களும் ஒரு தடவ காதுல போட்டுக்கிட்டா தேவல."

கணவர் பேப்பரை மடித்து வைத்தார். "படிங்க."

செயலர் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். வரலாற்றையும் எல்லைக்கல் நட்டுத்தான் எழுதியிருந்தார். பேருந்து வந்து திரும்புகிற இடம்தான் அப்போது ஊரின் கடைசி. அதற்கு அப்பால் காலி மனைகள். பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற ஒரு கொட்டகையை அதன் முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் இரவல் கொடுத்தார். பிரெஸ்பிட்டேரியன் சபை என்று வாசலில் சாக்குக்கட்டியால் எழுதிப் போட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் எழுத்து, மற்ற ஆறு நாள் டயர். வந்தவர்களின் உடுப்பில் ரப்பர் வாடை ஏறியது. பக்கத்து ஊர்ச் சபைக்காரர்கள் இவர்களை மூக்கால் கண்டுபிடித்தார்கள். பிறகு மனை, கூரை, மணி. முதலாம் போதகர் காலம், இரண்டாம் போதகர் காலம், மூன்றாம் போதகர் காலம்.

"ராஜா வரலாறு மாதிரியே இருக்குய்யா," என்றார் கணவர். "யானை மட்டும்தான் குறையுது."

"மூன்றாம் போதகர் நீங்கதானே. உங்களுக்கு வேணா ஒரு யானை போட்டுரலாம்," என்று சொல்லிவிட்டுச் செயலர் பக்கத்தைத் திருப்பினார். "மூன்றாம் போதகரின் அறிமுகப் பிரசங்கத்துக்குப் பின் சபையார் அவரை ஏகமனதாக அழைத்தனர்."

"ஏகமனதா இல்லையே," என்றாள் அவள்.

இந்தச் சபையில் பாஸ்டரை மேலேயிருந்து யாரும் அனுப்பிவைக்க முடியாது. சபைதான் அழைக்க வேண்டும். பெண் பார்க்கிற மாதிரி ஒரு ஏற்பாடு. வருகிறவர் ஒரு ஞாயிறு பிரசங்கம் செய்வார். பிறகு அவரை வெளியே மர நிழலில் உட்கார வைத்துவிட்டு, உறுப்பினர்கள் உள்ளே துண்டுச் சீட்டில் வேண்டும் வேண்டாம் என்று எழுதிப் போடுவார்கள். அன்றைக்கு ஒரு சீட்டு வேண்டாம் என்று விழுந்தது.

"ஒண்ணு விழுந்துச்சுதான்," என்றார் செயலர். "ஆனா எண்ணி முடிச்சதும் ஒரு தீர்மானம் போட்டோமே. இத ஏகமனதா ஆக்கிருவோம்னு. எல்லாரும் எழுந்து நின்னாங்க. அப்புறம் அது ஏகமனதுதானே. விதிப்படி சரி."

"ஆர்கன் வாசிச்சாரே, அவரு," என்றார் கணவர். "எனக்கு அன்னைக்கே தெரியும். பிரசங்கம் நடக்குறப்ப கடிகாரத்தப் பார்த்தாரு."

"போய்ச் சேர்ந்தவரப் பத்தி என்னத்துக்குங்க ஐயா."

அவள் பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தாள்.

செயலர் தொடர்ந்தார். "மூன்றாம் போதகர் தாம் பெற்ற தரிசனத்தால் சலவை ஊழியத்தைத் தொடங்கினார்."

"தரிசனமா?" என்றார் கணவர். "எனக்கா?"

"அப்படி எழுதினாத்தான் எடுப்பா இருக்கும்."

"இவகிட்ட கேளுங்க. இவதான் விரிப்ப நீலமாக்குனவ."

அந்தக் கதை செயலருக்கும் தெரியும். திருவிருந்து மேசையின் வெள்ளை விரிப்பைத் துவைக்கச் சபை ஒரு சலவை இயந்திரம் வாங்கியது. பாடகர் அங்கிகளும் அதில்தான். ஆலயத்துக்குப் பின்னால் வாடகை அறை வரிசை ஒன்றில் பேருந்துப் பணிமனை மெக்கானிக் ஒருவர் இருந்தார். அறையில் குழாய் கிடையாது. அவருடைய நீல மேலுடுப்பை அவள் விரிப்போடு சேர்த்துப் போட்டுவிட்டாள். விரிப்பு வானத்து நிறத்தில் வெளியே வந்தது.

அதற்காக மூப்பர் குழு கூடியது. நீல விரிப்பின் மேல் அப்பமும் திராட்சரசமும் வைக்கலாமா கூடாதா என்று ஒரு மாலை முழுக்கப் பேசினார்கள். வேதத்தில் நிறம் சொல்லப்படவில்லை என்றார் ஒருவர். சொல்லப்படாததால்தான் வெள்ளை என்றார் இன்னொருவர். யாருடைய உடுப்பு சபை இயந்திரத்துக்குள் போனது என்று மூன்றாமவர் கேட்டார். அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

"அவருக்குத் தண்ணி இல்ல," என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள்.

எல்லோரிலும் மூத்தவர், அதுவரை வாய் திறக்காதவர், "அந்த ரூம் வரிசைல எத்தன பேருக்குத் தண்ணி இல்ல?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது நான்கு இயந்திரங்கள். சனிக்கிழமை காலையில் காவல்காரர்கள், ஓட்டல் கழுவுகிறவர்கள், தனியறையில் கிடக்கிறவர்கள் என்று வரிசை வாசல்வரை நிற்கும். விரிப்பு இன்றும் லேசான நீலம்தான்.

"நீலமானத வரலாறுல எழுத முடியாதும்மா."

"எழுதாதீங்க. தரிசனம்னும் எழுதாதீங்க."

செயலர் 'தாம் பெற்ற தரிசனத்தால்' என்பதை அடித்தார். மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்படியே விட்டார். பேனாவை மூடினார். திறந்தார். டீயை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு அடியிலிருந்த தாளை உருவி, மேசையில் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இது ஒண்ணுமில்லம்மா. ஒரு கையெழுத்து."

உறுப்பினர் தன்னை வேறு சபைக்கு மாற்றிக்கொள்ளக் கேட்கும் விண்ணப்பம். பெயர், முகவரி எல்லாம் முன்கூட்டியே தட்டச்சாகியிருந்தது.

"யாரு மாறப் போறா?" என்றாள்.

செயலர் கணவரைப் பார்த்தார். கணவர் ஜன்னலைப் பார்த்தார்.

"ஐயாவுக்குத் தெரியாததா," என்றார் செயலர். "ஓய்வுபெற்றவர் ரெண்டு வருஷம் பழைய சபைப் பக்கம் வரக் கூடாது. கல்யாணம், அடக்கம், ஞாயித்துக்கிழம, எதுக்கும். புதுசா வந்தவர் காலூனணும்ல. ஐயாவே இத எத்தன பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்காரு."

"அது அவருக்கு. எனக்கு எங்க எழுதியிருக்கு?"

"எழுதல. ஆனா அம்மா, போன ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சு புதுப் பாஸ்டர் வாசல்ல கை நீட்டிட்டு நிக்கிறாரு. சனம் பூரா உங்க பெஞ்சுகிட்ட நிக்குது. அவரு நீட்டுன கைய என்ன பண்றதுன்னு தெரியாம நோட்டீஸ் பலகைய நிமித்தி வச்சாரு. நானே பார்த்தேன். பாவமா இருந்துச்சு."

அவளும் பார்த்திருந்தாள். அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"சபைப் பட்டியல்ல இவரு பேரு என்னைக்காவது இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"பாஸ்டர்ங்க பேரு சபைகளுக்கு மேல இருக்கிற மன்றத்துலதான் இருக்கும். எந்தச் சபைலயும் இருக்காது."

"என் பேரு இருக்கு. இவரு வர்றதுக்கு முன்னாடியே இருக்கு. குடிநீர் வாரியத்துல டைப்பிஸ்ட்டா சேர்ந்து, விடுதில தங்கி, ஒத்த ஆளா வந்து சேர்ந்த சபை அது. அப்ப நான் யாருக்கும் பாஸ்டரம்மா இல்ல."

செயலர் மென்று முழுங்கினார். "நான் தாளு கொண்டுவர்ற ஆளும்மா. குழு சொல்லுச்சு."

"வச்சிட்டுப் போங்க."

அவர் படியிறங்கிப் போனார். கீழே ஒரு வண்டி தண்டவாளத்தைத் தாண்டியது. அவள் டீக் கோப்பைகளை எடுத்தாள்.

"முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?"

"போன்ல சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவகிட்டயே கேளுங்கன்னு."

"என் பக்கம் ஒரு வார்த்த சொல்லல."

"எதிர்த்தும் சொல்லல."

"நல்லா இருக்கு."

கணவர் தாளை எடுத்துப் படித்தார். எழுத்துப்பிழை தேடுகிறவர் போல மெதுவாகப் படித்தார். பிறகு அதைப் பார்த்தபடியே, "இப்பப் போற சபைல நான் தனியா உட்கார்றேன்," என்றார். "பக்கத்து ஊரு. நல்ல மனுசங்க. யாரும் என்னத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல, மரியாதைக்கு. பெஞ்சுல ஓரமா உட்கார்ந்து, பக்கத்துல கொஞ்சம் இடம் விட்டு வச்சுக்கிறேன். ஏன்னு தெரியல. நாம ரெண்டு பேரும் கோயில்ல பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்ததே இல்ல. யோசிச்சுப் பார்த்தியா?"

அவள் யோசித்துப் பார்த்திருந்தாள். திருமணத்தன்றுகூட அவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் மேடையில், அவள் மூன்றாவது பெஞ்சில்.

"இத்தன வருஷம் நான் தனியா உட்கார்ந்தேனே," என்றாள். "அப்ப யாரு இடம் விட்டு வச்சா?"

அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் வாய் நிற்கவும் இல்லை.

"அந்தச் சீட்டு ஆர்கன்காரர் போட்டது இல்ல."

"எந்தச் சீட்டு?"

"நான் போட்டது."

கணவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிரசங்கம் நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். "முடிஞ்சதும் ஒருத்தர் எழுந்து கேட்டாரு, எதுக்காக எங்க சபைக்கு வர நினைக்கிறீங்கன்னு. நீங்க, 'கூப்பிட்டீங்க, வந்தேன்'னு சொன்னீங்க. அவ்வளவுதான் சொன்னீங்க. வர்ற மனுசனுக்குன்னு ஒரு ஆச வேணாமா? வேணாம்னு எழுதிப் போட்டேன்."

அவர் கண்ணாடியைச் சட்டை ஓரத்தில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"நல்லவேள," என்றார் கடைசியில், "கல்யாணத்துக்குச் சீட்டு எடுக்கல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சிரித்து முடித்த பிறகும் தாள் மேசையிலேயே கிடந்தது.

சனிக்கிழமை காலை அவள் சலவை அறைக்குப் போனாள். போகக் கூடாது என்று வியாழனும் வெள்ளியும் நினைத்திருந்தாள். கால் தானாகப் போனது.

நான்கு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. சோப்புத்தூள் டப்பாக்கள் அவள் வைத்த இடத்தில் இல்லை. கைக்கு எட்டுகிற உயரத்துக்கு இறங்கியிருந்தன. மூட்டைகள் கலந்துவிடாமலிருக்க அவள் பெயர்ச் சீட்டு எழுதிக் கட்டிவிடுவாள். இப்போது ஒவ்வொரு மூட்டையிலும் ஆய்வுக்கூடத்துச் சீசாக்களில் ஒட்டுகிற மாதிரி ஒரு வண்ணச் சீட்டு ஒட்டியிருந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. வேலை ஓடியது. அவளுக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

"பாஸ்டரம்மா," என்றார் இரவுக் காவல்காரர், தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு.

இரண்டு பேர் திரும்பினார்கள். அவளும், இயந்திரத்துக்குப் பின்னால் குழாயை முறுக்கிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணும். புதுப் பாஸ்டரின் மனைவி. மருத்துவமனை ஒன்றில் ரத்தம் எடுக்கிற லேப் டெக்னீஷியன்.

காவல்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாராவது ஒருத்தரு," என்றார். "மூணாவது மிஷின் தண்ணி ஒழுகுது."

"அத அடைச்சிட்டேன் அண்ணா," என்றாள் இளம்பெண். கையைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தாள். "அந்தப் பேர நீங்களே வச்சுக்கோங்க ஆன்ட்டி. எனக்கு அது தொளதொளன்னு இருக்கு."

"நீ நல்லா நடத்துற."

"நான் எங்க நடத்துறேன். ஸ்டிக்கர் ஒட்டினேன். மத்ததெல்லாம் இவங்களே பார்த்துக்கிறாங்க. என்னத் திட்டவும் செய்றாங்க, கஞ்சி போடக் கூடாதாம்."

"காவல்காரர் வெள்ளச் சட்டைக்கா? போட்டா கழுத்து அறுக்கும்பாரு."

"அறுத்துருச்சாம். காட்டினாரு."

இருவரும் வெளியே படியில் உட்கார்ந்தார்கள். உள்ளே இயந்திரம் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அந்தத் தாளு விஷயம் எனக்குத் தெரியும்," என்றாள் இளம்பெண். "கோவிச்சுக்காதீங்க. அவருக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல. பயம். மூணாவது பெஞ்சுல உங்களப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்குதாம். எத்தன ஆயிரம் பிரசங்கம் கேட்டவங்க, இவங்க முன்னாடி நான் எத உளர்றதுங்கிறாரு. சனிக்கிழம ராத்திரி சோறு இறங்க மாட்டேங்குது."

"என்னப் பார்த்தா பயமா?"

"எனக்கும் லேசா இருந்துச்சு. இப்ப இல்ல."

அவள் சிரித்தாள்.

"ஒண்ணு கேட்கலாமா ஆன்ட்டி? வீட்ல ஒரு கஷ்டம்னா சனங்க பாஸ்டர்கிட்ட போய்ச் சொல்றாங்க. நாம யார்கிட்ட சொல்றது? எனக்கு இருக்கிற கஷ்டத்துல பாதி அந்தப் பாஸ்டராலதான் வருது."

விளையாட்டாகச் சொல்கிறாளா என்று பார்க்கத் திரும்பினாள். பாதிதான் விளையாட்டு. அவளுக்குத் தன் தங்கை சாகக் கிடந்த வாரம் ஞாபகத்துக்கு வந்தது. வந்தவர்களெல்லாம் கணவரிடம், "உங்க வீட்ல எப்படி இருக்காங்க?" என்று விசாரித்தார்கள். "தாங்கிக்கிறா," என்றார் அவர். அவரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. ஊர்க் கஷ்டமெல்லாம் கேட்டுக் களைத்து வந்தவரிடம் அவளும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து செயலருக்கு போன் செய்தாள். கணவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"அந்தத் தாள்ல கையெழுத்துப் போட மாட்டேன். மாறணும்னு நான் கேட்கல. கேட்காத ஆள மாத்த உங்க குழுவுக்கு அதிகாரம் இல்ல."

"அம்மா, அப்படி இல்ல..."

"இன்னொண்ணு. வீடு மாறின உறுப்பினர ரெண்டு வாரத்துக்குள்ள பாஸ்டர் போய்ப் பார்க்கணும். நான் வீடு மாறி ஆறு வாரமாச்சு. ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. அத உங்க குழு எப்ப விசாரிக்கும்?"

மறுமுனையில் நெடிய மூச்சு ஒன்று கேட்டது. "ரெண்டு வாரம்னு விதி இருக்கா?"

"இருக்கு," என்றார் கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து. "நான் எழுதினது."

செவ்வாய்க்கிழமை மாலை புதுப் பாஸ்டர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். முழுக்கைச் சட்டை. கழுத்தில் கஞ்சி போட்ட காலர் அறுத்த சிவப்புக் கோடு. கணவர் கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். அவர் உட்கார்ந்ததும் கணவரைப் பார்த்தே பேச ஆரம்பித்தார். தண்டவாளச் சத்தம் தொந்தரவாக இல்லையா, மாடிப்படி ஏற முடிகிறதா, ஐயாவின் குறிப்புகள் பீரோவில் கிடைத்தன, ரொம்ப உபயோகம். கணவர் இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னார். மூன்றாவதில் எழுந்துகொண்டார்.

"தம்பி, நான் உங்க சபை இல்ல," என்றார். "உங்க உறுப்பினர் இவங்க. நீங்க பார்க்க வந்தது இவங்கள. பாஸ்டரும் உறுப்பினரும் பேசுற இடத்துல மூணாம் மனுசன் இருக்கிறது முறையில்ல."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார். அந்த வீட்டில் போவதற்கு வேறு இடமும் இல்லை. குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினார் போலிருந்தது.

அவள் மேசையிலிருந்த தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள். கையெழுத்து இல்லை. இளைஞர் அதை வாங்கினார். படிக்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நான்தான் குழுகிட்ட கேட்டேன்," என்றார். "செயலர் மேல வருத்தப்படாதீங்க. என்னால உங்க முன்னாடி பேச முடியல."

"தெரியும்."

"அவ சொல்லிட்டாளா?"

"நானும் பார்த்தேன், நீங்க நோட்டீஸ் பலகைய நிமித்துறத."

அவர் காது சிவந்தது. அவள் எழுந்து மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினாள். திரும்பி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த மாதிரிச் சந்திப்புகளில் அவள் எப்போதும் தட்டோடு நின்றவள். உட்கார்ந்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தாள்.

இளைஞர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். உடம்பு சரியில்லாதவர்கள் வீட்டிலும், வேலை போனவர்கள் வீட்டிலும் உட்கார்வதுபோல, முழங்கையை முழங்காலில் ஊன்றி உட்கார்ந்தார். குரல் மாறியிருந்தது. பயம் அதில் இல்லை.

சமையலறையில் குழாய் நின்றது.

"சொல்லுங்கம்மா," என்றார். "உங்களுக்கு என்ன வேணும்னு நான் ஜெபிக்கட்டும்?"